பட்டி பார்த்த கிட்டார்

8 ஜூலை 2007, ஞாயிறு

நேற்று முத்தியால்பேட்டையில் ஒரு ரிசப்ஷன். மேடை என்ற பெயரில் நான்கு பெஞ்சு, அதன்மேல் ஈரக் கம்பளம். கால் வைத்த இடமெல்லாம் யாரோ கொட்டிய ஜூஸ் பிசுபிசுத்தது. முதல் வரிசையில் ஒரு பெரிய மனிதர் பாட்டு முடிகிறவரை பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப வாயிலேயே போட்டுக்கொண்டார். பதினோரு வருஷமாக இவர்களுக்குத்தான் வாசிக்கிறேன்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது பிரேம் அண்ணன் பேச்சை ஆரம்பித்தார். பிரேம்குமார் எங்கள் மெல்லிசைக் குழுவின் முதலாளி, கீபோர்டும் அவரேதான். கல்யாண வீடியோ எதிலும் என்னைக் காட்டுவதே இல்லையாம். குறை என்னிடம் இல்லையாம், கிட்டாரில்தானாம். பழைய கதவைப் பெயர்த்துக் கழுத்தில் மாட்டினது போல இருக்கிறதாம். ஆவணி சீசனுக்குள் எல்லாக் கருவிக்கும் வெள்ளை அடித்து, எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு தைத்து, புது பேனர் போடப் போகிறார். பேனரில் இருப்பது போலவேதான் மேடையிலும் இருக்க வேண்டும் என்று இப்போதே சட்டம்.

இந்த மனிதருக்குக் காது இருக்கிற இடத்திலும் இரண்டு கண்தான் இருக்கும் போல.

அந்தக் ‘கதவு’ அவருடைய சொத்துதான். அவர் மாமா ஒரு சொல்தா, சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களில், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற சத்தத்துக்கான அந்த பேஸ் கிட்டாரும் ஒன்று. வாசிக்க ஆளில்லாமல் என் கைக்கு வந்தது. ஆறு வருஷமாகிறது. கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற கறுப்புப் பட்டைக்கு பிக்கப் என்று பெயர். மற்ற கிட்டார்களில் அதை ஓரிடத்தில் முடுக்கி வைத்திருப்பார்கள். இதில் உடம்பில் ஒரு நீளப் பள்ளம். அதற்குள் பிக்கப்பை மேலும் கீழும் தள்ளலாம். கழுத்துப் பக்கம் தள்ளினால் சத்தம் கனத்து வயிற்றில் இறங்கும். அடிப்பக்கம் இழுத்தால் தகரத்தைத் தட்டினது போல. நடுவிலிருந்து ஒரு விரல்கடை மேலே என்னுடைய சத்தம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கதவாம்.

9 ஜூலை, திங்கள்

நேரு வீதியில் எங்கள் கண்ணாடிக் கடை. இன்று ஒரு அம்மாள் வந்து, கண் டெஸ்ட்டெல்லாம் வேண்டாம், ஃபிரேமை மட்டும் காட்டு என்றாள். காட்டினேன்.

12 ஜூலை, வியாழன்

கருவடிக்குப்பத்தில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கும் தெய்வசிகாமணி கடைக்கே தேடி வந்தார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்துக்காக மாதா பாட்டு சீடி போடுகிறார். பத்துப் பாட்டு, வாசிப்பது எங்கள் குழுதான். கீபோர்டு பேஸ் வேண்டாமாம், உண்மையான பேஸ் கிட்டார்தான் வேண்டுமாம். முத்தியால்பேட்டை ரிசப்ஷனில் வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டே கேட்டாராம். “அந்த கிட்டாரோட வாங்க பாய், வேறொண்ணும் வாணாம்” என்றார். ஆகஸ்ட் ஆறாம் தேதி.

பதினோரு வருஷத்தில் என் வாசிப்பு எந்த சீடியிலும் கேசட்டிலும் இல்லை. மேடையில் வாசித்ததெல்லாம் அன்றைக்கே சாம்பாரோடு கரைந்து போனது. வீட்டில் பெண்டாட்டி நஸ்லினிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, நாளைக்கு பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது ஒன்று மிஞ்சட்டும் என்றாள். எனக்கு உள்ளுக்குள் குதிக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

15 ஜூலை, ஞாயிறு

பேனருக்கு ஃபோட்டோ. ஃபோட்டோ ஸ்டூடியோவில் கால் உறை நாற்றம். வாடகைக் கோட்டின் காலரில் இன்னொருத்தன் பவுடர். துர்கா மட்டும் பார்க்க மனுஷியாக இருந்தாள். பாடகி என்பதால் அவளுக்குக் கோட்டு கிடையாது.

என் கை பிக்கப்பை மறைக்கிறது என்றான் ஃபோட்டோக்காரன். அதைக் கீழே இழுத்துவிட்டால் கறுப்பு தனியாகத் தெரியும், எடுப்பாக இருக்கும் என்றான். ஃபோட்டோவுக்குத்தானே என்று கடைசிவரை இழுத்து வைத்தேன். முடியைக்கூடக் கோதிக்கொண்டேன். சீ, என்ன வயசு எனக்கு?

கிட்டாரைக் கம்ப்யூட்டரிலேயே வெள்ளையாக்கிவிட்டான், படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதையும் எழுதிவிட வேண்டும்.

19 ஜூலை, வியாழன்

கிட்டாரை முதலியார்பேட்டை சாமிக்கண்ணுவின் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார் பெயிண்ட் அடிக்கிற பட்டறை. மாதிரிக்கு பேனர் படம் ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறார் பிரேம் அண்ணன். நான் அங்கே போய் நின்று சொல்லியிருக்கலாம். கடையை விட்டு நகர முடியவில்லை. நகர முடியவில்லையா, நகரவில்லையா?

24 ஜூலை, செவ்வாய்

இன்று வந்த ஜோடி பதினாறு ஃபிரேம் போட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் மூக்கு எண்ணெய். துடைத்துத் துடைத்து எனக்குக் குமட்டிவிட்டது. நடுவில் சாமிக்கண்ணு வேறு போன் போட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பட்டறை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. சரி சரி என்று வைத்துவிட்டேன். பதினாறு பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள்.

1 ஆகஸ்ட், புதன்

கிட்டார் வந்தது.

என்னத்த சொல்றது. பாவி, பள்ளத்த மூடிட்டான். காரில் ஒடுக்கு விழுந்தால் வைப்பார்களே பட்டி, அதைப் பள்ளம் முழுக்க வைத்து அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளை அடித்திருக்கிறான். பிக்கப் கடைசியில், அடிப்பக்கத்தில், பட்டிக்குள் புதைந்து கிடக்கிறது. தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை. நகம்தான் உடைந்தது.

வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையின் பீங்கான்தான் ஞாபகம் வருகிறது. தொட்டால் வழவழவென்று கைக்கு அசிங்கமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் போட்டு ஒரு தட்டு தட்டினேன். தகரம்.

ஐந்து நாளில் ரெக்கார்டிங்.

2 ஆகஸ்ட், வியாழன்

பிரேம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டே இட்லி தின்றார். வாயோரம் சட்னி வழிந்தது. அதோடுதான் பேசினார். “நான் வெள்ளை அடிக்கத்தான்டா சொன்னேன். பட்டி வெக்க சொல்லல. ஆனா பாரேன், எவ்ளோ சுத்தமா இருக்குது.”

சுத்தமாம்! இந்த மனிதரோடு பதினோரு வருஷம் ஒரே வேனில் போயிருக்கிறேன், ஒரே இலையில் கை நனைக்காத குறை. நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. டிரம்ஸ் முருகையனிடம் சொன்னேன். துர்காவிடமும் சொன்னேன். எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னேன், பிரேம்குமார் என்கிற ஆள் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இசைக்குழு நடத்துகிறார் என்று. முருகையன், அண்ணன் செய்தது தப்புதான் என்றான்.

3 ஆகஸ்ட், வெள்ளி

சாமிக்கண்ணு ஊரில் இல்லை. பட்டறை பூட்டு. நானே உளியெடுத்துத் தோண்டலாமென்றால், உள்ளே ஓடும் மெல்லிய ஒயர் போய்விடும்.

6 ஆகஸ்ட், திங்கள்

முடிந்தது.

தெய்வசிகாமணி முதல் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். இரண்டாவது தடவையும் நிறுத்தினார். குமிழ்களைத் திருகிப் பார்த்தார். பிறகு காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “இது அந்த கிட்டார் இல்லியே பாய்” என்றார். திட்டியிருந்தால் தேவலை. டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்துப் பாட்டுக்கும் பேஸை பிரேம் அண்ணன் கீபோர்டில், இடது கையால் வாசித்தார். இரண்டு மணி நேரத்தில் முடித்தும்விட்டார். ஸ்டூடியோவின் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்தக் கழிப்பறைச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏசி குளிரில் யாரோ விட்ட ஏப்பத்தின் முட்டை வாடை அறையை விட்டுப் போகவே இல்லை.

கிளம்பும்போது தெய்வசிகாமணி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அட்டை போன வாரமே அச்சாகிவிட்டதாம். எங்கள் பேனர் படம்தான் பின்பக்கம். அதில் பேஸ் கிட்டார் என்று என் பெயர் இருக்கிறது, அப்படியே இருக்கட்டுமா என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

9 ஆகஸ்ட், வியாழன்

சாமிக்கண்ணு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, சட்டையைப் பிடிக்கிற ஆத்திரத்தோடு போனேன்.

அவர் ஒரு அம்பாசிடருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அதற்கப்புறம் சொன்னார்: “நான் போன் போட்டு கேட்டேனே பாய். கறுப்பு டப்பா ஆடிக்கினு இருக்குது, சுத்தி பள்ளமா இருக்குது, பட்டி வெச்சி அடைச்சிடட்டுமா, டப்பா எங்க நிக்கணும்னு. நீங்கதானே சொன்னீங்க, போட்டோல இருக்கற மாதிரி வெச்சிடுங்க, சரி சரின்னு.”

சுவரில் அந்தப் படம் ஆணியில் தொங்கியது. கோட்டும் கோதின முடியுமாக நான். அடிப்பக்கம் எடுப்பாகக் கறுப்பு.

சொன்னேனா? சொன்னேன். அந்தப் பதினாறு ஃபிரேம் நாள். என் வாயால் சொன்னதுதான்.

பட்டியைக் கொத்தி எடுத்துவிடலாம், ஒயருக்கு ஒன்றும் ஆகாது, பொறுமையாகச் செய்தால் ஒரு நாள் வேலை என்கிறார். ஆனால் அந்த இடத்தில் வெள்ளை பெயர்ந்து வந்துவிடும். மறுபடி அடித்தாலும் நிறம் சேராது, பிக்கப் ஓடுகிற இடமென்பதால் உரிந்துகொண்டே இருக்கும். சொறி பிடித்தது போலத்தான் இருக்குமாம். “பார்க்க நல்லா இருக்காது. நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

10 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்ஆ முடிந்து வரும்போது முருகையன் எதிரில் வந்தான். பிரேம் அண்ணன் என்னிடம் மன்னிப்பே கேட்கவில்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். தொழுதுவிட்டு வந்த வாய்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

சீடி வந்துவிட்டது. நஸ்லின் கடலூரிலிருந்து வந்திருந்த அவள் அக்கா குடும்பத்தை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். இந்தா இது இவர் வாசிக்கிறது, டும் டும்னு அடியில கேக்குது பாருங்க என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் இதில் ஆகக் கேவலம். என் பெண்டாட்டிக்கே தெரியவில்லை. ஒரு விரல்கடைக்காக ஒரு வருஷம் தேடினேனே, அது யாருக்காக?

எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாய் கொப்பளித்தேன்.

28 ஆகஸ்ட், செவ்வாய்

வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்பியிருந்த ஒருவர், காவி வேட்டியோடு, வெயில் கண்ணாடி வாங்க வந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, சீடியில் இருப்பவர் நீங்கள்தானே, வாசிப்பு அருமை என்றார்.

நன்றி சொன்னேன். விலையும் குறைத்துக் கொடுத்தேன்.

2 செப்டம்பர், ஞாயிறு

தாங்கவில்லை. பிரேம் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன், பதினாறு ஃபிரேம், என் வாயால் சொன்னது, அவர் மேல் பழி போட்டுத் திரிந்தது. அடிப்பார், திட்டுவார், குழுவை விட்டுப் போ என்பார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“அதான் நல்லதா போச்சேடா” என்றார். தவளக்குப்பத்தில் ஒன்பதாம் தேதி ரிசப்ஷன். பெண் வீட்டார் சீடி அட்டையைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளை கிட்டார்க்காரர் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்களைப் பேசியிருக்கிறார்களாம். பதினோரு வருஷமாக டிரம்ஸுக்குப் பின்னால் நின்றவன் நான்.

பட்டியைக் கொத்தி எடுக்கப் போகிறேன் என்றேன். “எடு. யார் வாணாம்னா? உன் கையில இருக்குது. ஆனா சொறி புடிச்சத மாட்டிக்கினு முன்னாடி நிக்க முடியாது, பழைய எடத்துக்கு போயிடு. வெள்ளையிலயே முன்னாடி நின்னீன்னா, பேஸு நான் கீபோர்டுல பார்த்துக்கறேன், அது ஒரு பிரச்சனையே இல்ல.”

மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு இப்படி ஒரு பதில். அவர் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் வந்தது அதிகம். ஏனென்றால் முன்னால் என்று அவர் சொன்னதும் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது எனக்குத் தெரிந்தது.

4 செப்டம்பர், செவ்வாய்

சாமிக்கண்ணு போன் செய்தார். இந்த வாரம் வேலை குறைவு, கொண்டுவந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவாராம். இரைச்சல் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

ஆவணி முடியட்டும் என்றேன்.

10 செப்டம்பர், திங்கள்

நேற்று தவளக்குப்பம். மண்டபம் புதியது, மேடையில் உண்மையான பலகை. துர்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வீடியோ விளக்கு நேராக என் மேல். கோட்டு இந்தத் தடவை என் அளவுக்குத் தைத்தது. முதல் பாட்டிலேயே பெண் வீட்டார் எழுந்து வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விரல்கள் எல்லாச் சுரத்தையும் சரியாகத்தான் வாசித்தன, ஒன்றுகூடத் தவறவில்லை.

நான்கு பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் ஒயர் ஸ்பீக்கர் பக்கத்தில் சுருட்டியபடியே கிடந்தது. கிட்டாரில் செருக மறந்திருக்கிறேன். பிரேம் அண்ணனைப் பார்த்தேன். அவர் இடது கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. ஒயரைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றேன்.