செல்வி அத்தையின் சாக்கில் ஒரு கை

தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்களோடு போய்ச் சேர்ந்த என் அம்மாவுக்கு,

ஊருக்கு வந்துவிட்டேன். நேற்று மதியம் குமுளியில் பஸ் மாறி வண்டிப்பெரியாரில் இறங்கினேன். அப்பா குடையோடு நின்றார், ஃபேக்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாராம். நீ போன இரண்டு வருடத்தில் மனிதர் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். குழம்புதான் இன்னும் கைக்கு வரவில்லை.

எங்கே போயிருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பயோடெக்னாலஜி மூன்றாம் வருடம் முடிந்ததும் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய்க்கு உயிரணுக்களைக் கொண்டே மருந்து செய்கிற இடம். ஏன் வர விரும்புகிறாய் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். உன்னைக் கொண்டுபோன அதே நோயைப் பற்றித்தான் எழுதினேன். எத்தனையோ பேர் எழுதிப்போட்டதில் என்னை எடுத்தார்கள். உன் சாவு எனக்குச் சிபாரிசு செய்தது அம்மா. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முதல் பத்து நாளும் உடை மாற்ற மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் நீ சிரிப்பாய். நீ கொழுந்து பறிக்க மலை ஏறும் முன் நனையாமலிருக்க இடுப்பில் படங்கு சுற்றி, தலையில் துணி கட்டி, அட்டைப்பூச்சிக்குக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவி ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவாய். எனக்கு அரை மணி நேரம் ஆனது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை, முகமூடி, இரண்டு ஜோடி கையுறை. கம்மல் கூடாது, பவுடர் கூடாது, நீ கட்டிவிட்ட ஜெபமாலைக் கயிறும் கூடாது. பயிற்சி அறையில் மட்டும் படம் எடுக்க விட்டார்கள். ஒன்று எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். எல்லா வினையும் அந்தப் படத்தால் வந்ததுதான்.

அந்த மருந்து எப்படி என்றால், நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோயை அடையாளம் கண்டு அடிக்கும்படி அவற்றின் மரபணுவில் ஒரு மாற்றம் செய்கிறார்கள். பிறகு அவற்றைப் பெருக்கி, ஒரு பையில் அடைத்து, அவருக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். ஒருவருக்குச் செய்தது அவருக்கு மட்டும். என்னைப் போன்ற மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பையின் எண்ணை உரக்கப் படிப்பேன். உள்ளே இருப்பவர் அதையே திரும்பச் சொல்வார். பெயர் இருக்காது. எண்ணும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும்.

அதில் ஒரு பை நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுடையது. நீ போன வயது. தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் விசாரிப்பேன். அணுக்கள் பெருகவே இல்லை. நோயாளிக்கு ஏற்றக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது எட்டவில்லை. எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

“பக்கத்துப் பை ஆளுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கே மேடம். அதுல கொஞ்சம் இதுல போட்டா என்ன?”

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். என் மேற்பார்வையாளர் நிர்மலா மேடம் மட்டும் சிரிக்காமல், “அது வேற ஆளோட அணு ரூபி. இவங்க உடம்பையே அடிச்சுப்போட்டுடும்” என்றார்.

அது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் அதையே எழுதி முழு மார்க் வாங்கியவள்தானே நான்? ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்கு முன்னால் நம் எஸ்டேட் டிவிஷனில் கொழுந்து எடை போடும் இடம்தான் இருந்தது. யார் சாக்கிலாவது அன்றைய கூலிக்கு வேண்டிய நிறை குறைந்தால் பக்கத்தில் நிற்பவள் தன் கொழுந்தில் ஒரு கை அள்ளிப் போடுவாள். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார். செல்வி அத்தை வயிற்றுப்பிள்ளையோடு மலை ஏறிய மாதங்களில் தினமும் நீதான் போட்டாய். நம்ம சாக்கு குறையாதா என்று நான் கேட்டதற்கு, “ஒரு கை கொழுந்துல நமக்கு என்னட்டி கொறஞ்சு போச்சு?” என்றாய்.

அந்தப் பையை நிறுத்திவிட்டார்கள். மறுபடி ரத்தம் எடுத்துச் செய்யலாம் என்றார்கள். அதற்குள் அந்தப் பெண் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அவள் பெயர் என்னவாக இருந்திருக்கும்? கழிப்பறையில் போய் அழுதேன். உனக்காகவா அவளுக்காகவா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்பா என் படத்தை லயத்து வீடுகள் முழுக்கக் காட்டியிருக்கிறார். ரூபி கேன்சருக்கு மருந்து செய்கிறாள் என்று பேச்சு பரவிவிட்டது. செல்வி அத்தைக்கு வயிற்றில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது என்பதை அப்பா எனக்குச் சொல்லவில்லை. பரீட்சையும் பயிற்சியும் முடியட்டும் என்று நினைத்தாராம்.

நேற்றுச் சாயங்காலம் நான் காலைக் கழுவும் முன்பே அத்தை வந்துவிட்டாள். பாதியாகிப் போயிருக்கிறாள் அம்மா. ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தாள்.

“ஏட்டி, போட்டோல மூஞ்சியே தெரியல. கண்ணப் பாத்துதான் கண்டுபிடிச்சேன். ஒங்கம்மா கண்ணுல்லா அது” என்று கவரை என் மடியில் வைத்தாள். “அந்த மருந்துக்கு அபேட்ச மனு எங்க எழுதிக் குடுக்கணும்? பஞ்சாயத்துலயா, ஆசுபத்திரியிலயா?”

“அது ரத்தத்துல வார சீக்குக்கு உள்ளது அத்த. ஒங்களுக்கு வயித்துல…”

“வயித்துலயும் ரத்தந்தானட்டி ஓடுது?”

நான் காகிதங்களைப் புரட்டுவது போல் குனிந்துகொண்டேன். அத்தை குரலை இறக்கினாள். “யாருக்காச்சும் செஞ்சதுல மிச்சம் கெடந்தா, ஒரு கை இங்கிட்டுப் போடச் சொல்லேன்.”

பெங்களூரில் அதைக் கேட்டு அவ்வளவு பேர் சிரித்தார்கள். இங்கே சிரிக்க யாரும் இல்லை. அப்பா கூட ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கேட்டுப் பாக்கேன் அத்த.” கோழை. அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருந்தால் என்னை அறைந்திருப்பாய்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை. காலையில் மேடத்துக்குப் போன் செய்து அந்தக் காகிதங்களை வரி வரியாகப் படித்துக்காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “இதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல ரூபி. வலி தெரியாம பாத்துக்கச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். உனக்கு வந்த நோய்க்கு இந்த மருந்து ஒருவேளை கேட்டிருக்கும், நீ இல்லை. இருக்கிறவளுக்கு இது ஆகாது. நான் எதற்கு இதைப் படிக்கிறேன் அம்மா?

அத்தை இன்னும் மலைக்குப் போகிறாள். மாமாவும் இறந்துவிட்டதால் அவள் பெயர் எஸ்டேட் மஸ்டர் பதிவேட்டில் இருக்கும் வரைதான் லயத்து வீடு. மகள் பிளஸ் டூ முடிக்கும் வரை தாக்குப்பிடித்தால் போதும் என்கிறாள். அவ்வளவு நாள் இல்லை என்று காகிதத்தைப் படித்த எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தினமும் நிறை எட்டுவதில்லையாம், போடுகிறவர்கள் போடுகிறார்களாம்.

நாளை காலை அவளோடு நானும் மலை ஏறுவேன். மருந்து இல்லை என்பதைப் போகிற வழியிலேயே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். இன்னொரு முறை “கேட்டுப் பாக்கேன்” என்று சொல்லமாட்டேன். இது உனக்குச் சத்தியம். அவள் என்னைத் திட்டலாம், பேசாமலே போகலாம். போனாலும் சாயங்காலம் எடை போடும் இடத்தில் அவள் பக்கத்தில்தான் நிற்பேன். அவள் சாக்கில் நான் பறித்த கொழுந்து ஒரு கை போடுவேன். காலேஜ் திறக்கும் வரை தினமும் போடுவேன். எனக்குச் செய்யத் தெரிந்தது இப்போதைக்கு அதுதான்.

உன் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள்,
ரூபி