வெள்ளிக்கிழமைக் கிண்ணம்

5 ஜூலை 1998, ஞாயிறு

காலையிலிருந்து மழை. சபைக்குப் போகும் வழியில் காற்றில் குடை மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது. கூட வந்த என் மனைவி ராஜி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். வேதபாட வகுப்பில் பாதி பெஞ்சு காலி. ஊருக்கு வெளியே சாகண் ஃபாக்டரிகளில் வேலை பார்க்கிற பையன்கள் பஸ் கிடைக்காமல் வரவில்லை.

ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதெல்லாம் இயேசுவில் எப்படி நிறைவேறியது என்பது இன்றைய பாடம். பூட்டு, சாவி உதாரணம் சொன்னேன். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செய்த பூட்டு, அதை ஒரே ஒரு சாவிதான் திறக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் கீழ்வீட்டில் ஹயீமிடமும் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாதே எனக்கு. ஹயீம் பென்கர் யூதர். கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பெனே இஸ்ரேல் ஜனம். வீட்டில் மராத்தி, ஜெபம் எபிரெயு. பள்ளிக்கூடத்தில் அவர் டிராயிங், நான் கணக்கு. வேலையில் இருந்தவரை ஒரே ஸ்டாஃப் ரூம், இப்போது ஒரே கட்டிடம்.

"மாஸ்தர், பூட்டு செஞ்சவர் எங்க தாத்தா. சாவி சேரலைன்னு பேரப்பிள்ளைங்க நாங்க சொல்றோம். நீங்க கதவை உடைச்சுட்டு, பாரு திறந்துடுச்சுங்கறீங்க" என்றார்.

மேசியா வந்தால் யுத்தம் நிற்க வேண்டும், அது தீர்க்கதரிசிகளே சொன்னது என்கிறார். "கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில இன்னும் ஷிப்ட் ஓடுது. வந்துட்டார்னா அதை ஏன் மூடலை?" மீதியை இரண்டாம் வருகையில் முடிப்பார் என்றேன். "உங்க கிளாஸ் பையன் கணக்கைப் பாதி போட்டுட்டு, மிச்சத்தைத் திரும்பி வந்து போடறேன்னு பேப்பரை நீட்டினா மார்க் போடுவீங்களா?"

வழிமுறைக்கு மார்க் உண்டே என்றேன். மில்கா வஹினி உள்ளேயிருந்து சிரித்தாள். அவர் மனைவி. அண்ணி என்பதற்கு மராத்தியில் வஹினி. அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

படி ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பையனுக்கு நான் மார்க் போடமாட்டேன்.

19 ஜூலை, ஞாயிறு

கன்னிகையிடம் பிறக்கும் குழந்தை பற்றிய அதிகாரத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். என்னிடம் தமிழ், அவரிடம் மராத்தி.

ஹயீம் கேட்டார்: "எங்க ராஜா ஆகாஸ் நடுங்கிட்டிருக்கான். ரெண்டு எதிரி ராஜா சேர்ந்து படையெடுத்து வர்றாங்க. ஏசாயா அவனுக்குத் தைரியம் சொல்ல வந்தவர். ஒரு குழந்தை பிறக்கும், அதுக்கு நல்லது கெட்டது தெரியறதுக்குள்ள இந்த ரெண்டு பேரும் இல்லாம போயிடுவாங்கங்கறார். எழுநூறு வருஷம் கழிச்சுப் பிறக்கப்போற குழந்தை அவனுக்கு எதுக்கு? வீடு பத்தி எரியுது, தீயணைப்பு வண்டி பேரன் காலத்துல வரும்னா சொல்வார்?"

மலை உதாரணம் சொன்னேன். தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரிகிற மலை கிட்டப் போனால் இரண்டாக இருக்கும். தீர்க்கதரிசனமும் அப்படி, அருகில் ஒரு நிறைவேறுதல், தொலைவில் ஒன்று. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "சரி மாஸ்தர். ரெண்டாவது மலை இருக்குன்னு ஏசாயா சொன்னாரா, இல்லை, அந்த மலையில வீடு கட்டிக்கிட்டவங்க சொன்னாங்களா?"

அடுத்து, இயேசுவைத்தான் குறிக்கிறது என்று நாங்கள் சொல்கிற, துன்பப்படுகிற ஊழியக்காரன் அதிகாரத்தை எடுத்தேன். அதற்குச் சில பக்கங்கள் முன்னாலேயே ஊழியக்காரன் யார் என்று பேர் சொல்லியிருக்கிறதே, இஸ்ரவேல் ஜனம்தான் என்று விரல் வைத்துக் காட்டினார். "அடி வாங்கினது நாங்க மாஸ்தர். அதையுமா எடுத்துக்கறீங்க?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ராஜி: "அவரை ஜெயிக்கவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க. ரெண்டு டீ குடிச்சதுதான் மிச்சம்."

2 ஆகஸ்ட், ஞாயிறு

ஹயீமை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு சிறுநீரகமும் பழுதாம். முகம் வீங்கி வேறு யாரோ போல இருக்கிறார். மகன் இஸ்ரேலில்; உடனே வர முடியாதாம்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இத்தனை வருஷமா பக்கத்துலயே இருந்தீங்க. அவர் இப்படியே போயிட்டா கர்த்தர் உங்கள்ட்டதான கணக்கு கேப்பாரு?"

ராஜி, "அதெல்லாம் கர்த்தருக்குத் தெரியும், நீங்க சாப்பிடுங்க" என்கிறாள்.

தட்டை நகர்த்தி வைத்தேன். பாஸ்டர் சொன்னதை நான் நம்புகிறேன். அதுதான் கஷ்டம். ஹயீமின் வாதம் எத்தனை சரியாக இருந்தாலும், இயேசு என்கிற அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போக முடியும் என்று சின்ன வயதிலிருந்து நம்பிவிட்டேன். ஹயீம் வெளியே நிற்பதை எப்படிப் பார்ப்பேன்?

7 ஆகஸ்ட், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அதே வார்டில் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாளுக்கு இராப்போஜனம் கொடுக்க பாஸ்டர் சாயங்காலம் வந்தார். சின்னக் கிண்ணத்தில் திராட்சை ரசம், ஒரு துண்டு ரொட்டி; இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் எடுப்பது. ஹயீமுக்கும் ஜெபிக்கும்படி நான்தான் கூப்பிட்டேன். ஹயீம் அரைத் தூக்கம். பாஸ்டர் தமிழில் ஜெபித்தார், ஹயீமுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்.

ஹயீம் கண் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார், இருட்டத் தொடங்கியிருந்தது. கிண்ணத்தைப் பார்த்தார். தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நடுங்குகிற குரலில் எபிரெயுவில் ஏதோ சொல்லிக் குடித்தார். ரொட்டிக்கும் சொன்னார். சாப்பிட்டார்.

பாஸ்டர் கண்ணில் தண்ணீர். "ஸ்தோத்திரம் ஐயா, ஸ்தோத்திரம்" என்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியும். இருபது வருஷமாக அந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஓய்வுநாள் தொடங்கும். மில்கா வஹினி உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள். அவர் தலையை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் சொல்லிக் குடிப்பார், பிறகு ரொட்டி.

வஹினி மழையில் ஆட்டோ கிடைக்காமல் தாமதமாக வந்தாள், சர்பத் பாட்டிலோடு. ஹயீம் சொன்னார்: "சொல்லியாச்சு. மாஸ்தர் கொண்டு வந்தார்."

அவள் என்னைப் பார்த்த பார்வை! "வெள்ளிக்கிழமைன்னு ஞாபகம் வெச்சிருந்தீங்களா மாஸ்தர்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

பாஸ்டர் சபையில் சாட்சி சொன்னார். ஒரு யூத சகோதரர் மரணப்படுக்கையில் மேசியாவை ஏற்றுக்கொண்டார், நம்முடைய வாத்தியார் ஐயாவின் ஜெபம். எல்லோரும் கை தட்டினார்கள். ஹயீமின் பேரையும் சொன்னார். நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ராஜி, நிஜமாகவே அப்படித்தானா என்று கேட்டாள். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"அடுத்தவன் பேப்பரைப் பாத்து எழுதாதலேன்னு ஆயுசு முழுக்கப் பிள்ளைகளைச் சத்தம் போட்ட ஆளு. இப்ப அடுத்தவரு பேப்பர்ல உங்க விடையை எழுதிட்டு வந்திருக்கீங்க."

அவர் பிழைக்கமாட்டார், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேனா? நினைத்தேன் என்றுதான் தோன்றுகிறது.

11 ஆகஸ்ட்

மருத்துவமனைக்குப் போகவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

23 ஆகஸ்ட், ஞாயிறு

ஹயீம் வீட்டுக்கு வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ளப் போகவேண்டும்.

மதியம் மில்கா வஹினி மேலே வந்தாள். உட்காரவில்லை. ராஜி நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

நேற்று ஓய்வுநாள் ஜெபத்துக்கு ஹயீமைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்களாம். அவர்களுக்குப் பத்து ஆண்கள் இருந்தால்தான் சபையாக ஜெபிக்க முடியும், வேதச்சுருளை எடுத்துப் படிக்க முடியும். பிள்ளைகளெல்லாம் இஸ்ரேல் போய்விட்டார்கள். ஹயீம் படுத்ததிலிருந்து ஒன்பது பேர்தான். நேற்று இவரைச் சேர்த்துப் பத்து. ஆனால் எங்கள் கேம்ப் பகுதியில் எந்தப் பேச்சும் ஓரிடத்தில் நிற்குமா? ஜெபஆலயத்துப் பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாராம்: 'கிறிஸ்தவர்களுடைய போஜனம் எடுத்தாய் என்கிறார்கள். விஷயம் தெளிவாகிற வரைக்கும் உன்னை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.'

சுருளைத் திறக்காமலே எல்லோரும் வீட்டுக்குப் போனார்களாம்.

"அவர் ஒரு வார்த்தை பேசலை மாஸ்தர். வர்ற வழியில மட்டும் கேட்டார், அந்தக் கிண்ணம் யாரோடதுன்னு. உங்களைக் கேக்கச் சொன்னார்."

சொன்னேன். முழுவதும். ராஜி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

30 ஆகஸ்ட், ஞாயிறு

கீழே போனேன். சபைக்குப் போகவில்லை, வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும்.

ஹயீமிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மேல் உள்ள அன்பினால்தான் என்றேன். கையால் நிறுத்தச் சொன்னார். வாசிக்கிற மாதிரி, நிதானமாகப் பேசினார்:

"நீங்க எனக்கு எத்தனை உதாரணம் சொல்லியிருக்கீங்க. நான் ஒண்ணு சொல்றேன். நான் என் ஓய்வுநாளுக்கு, என் தகப்பன் சொன்ன ஆசீர்வாதத்தைச் சொன்னேன். நீங்களும் உங்க பாஸ்டரும் பக்கத்துல நின்னு அதை உங்க கதையா வாசிச்சீங்க. இதைத்தானே வருஷக்கணக்கா உங்ககிட்டச் சொன்னேன். ஏசாயா தன் ராஜாவுக்கு, தன் ஊருக்குச் சொன்னதை இப்படித்தான் வாசிச்சீங்க. அவராவது செத்து எத்தனையோ காலம் ஆச்சு, கேக்க முடியாது. நான் உயிரோட இருந்தேன் மாஸ்தர். அதே அறையில இருந்தேன். என்னைக் கேட்டிருக்கலாமே?"

பாஸ்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று கூடச் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்ல எங்க பாவநிவாரண நாள் வருது. அன்னைக்கு நான் எங்க ஜனத்தோட நிக்கணும். அது மட்டும்தான் வேணும்."

6 செப்டம்பர், ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். ஹயீம் பென்கர் மேசியாவை ஏற்கவில்லை, அவர் தன் ஓய்வுநாள் ஆசீர்வாதத்தைச் சொன்னார், எனக்கு அது அப்போதே தெரியும், தெரிந்தே கைதட்டு வாங்கினேன் — சொல்லிவிட்டேன். பின்னால் ஒரு குழந்தை இருமியது.

பாஸ்டர், "ஐயா, தேவன் செய்த காரியத்தையா மறுதலிக்கீங்க?" என்றார். கோபமாக இல்லை, உண்மையான வேதனையோடு. அவரும் ஏமாற்றப்பட்டவர்தான், என்னால். "அது தேவன் செய்ததில்லை பாஸ்டர், நான் செய்தது" என்றேன்.

வேதபாட வகுப்பை சந்தானத்திடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன். பூட்டு சாவியை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டான்.

8 செப்டம்பர்

அவர்களுடைய ஜெபஆலயத்துப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கடைசியில், "வந்து சொன்னீங்களே" என்றார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

30 செப்டம்பர், புதன்

நேற்று மாலை, பாவநிவாரண நாள் தொடங்கும் நேரம், வெள்ளை உடுப்பில் ஹயீமை ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். இன்று பொழுது போனபின் திரும்பினார்கள். அவரையும் எண்ணிக்கையில் சேர்த்தார்களாம். ராஜி கேட்டு வந்து சொன்னாள்.

18 அக்டோபர், ஞாயிறு

படியில் எதிர்ப்பட்டோம். "மழை விட்டுடுச்சு" என்றார். "ஆமா" என்றேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் மழையைப் பற்றி மட்டும் பேசிப் பிரிந்ததில்லை.

இப்போதும் காலையில் ஜெபிக்கிறேன். ஏசாயாவைத் திறந்தால் மட்டும் ஆகாஸ் ராஜாவின் பயந்த முகம் தெரிகிறது. அதற்குப் பின்னால் வேறெதுவும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

15 நவம்பர், ஞாயிறு

ஹயீம் நேற்று மதியம் போய்விட்டார்.

காலையில் மில்கா வஹினி ஆள் அனுப்பாமல் தானே மேலே வந்தாள். "வாங்க மாஸ்தர். அவருக்கு மண் போடுங்க. ஆனா ஜெபம் பண்ணாதீங்க. மனசுக்குள்ள கூட வேண்டாம். அவர் சொல்லிட்டுப் போனது."

போனேன். மும்பையிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பத்துப் பேருக்கு மேலேயே இருந்தார்கள். அவர்களுடைய கல்லறை மண்ணில்தான், அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். என் முறை வந்தபோது மண் எடுத்துப் போட்டேன். மனதுக்குள் 'கர்த்தாவே' என்று வந்தது. அதோடு நிறுத்தினேன்.

போன வாரமே இஸ்ரேலிலிருந்து வந்திருந்த மகன் எபிரெயுவில் ஜெபம் சொன்னான். அவன் நிறுத்தின இடத்திலெல்லாம் எல்லோரும் ஆமேன் என்றார்கள். பழக்கத்தில் என் வாயும் திறந்தது. மூடிக்கொண்டேன்.