மூச்சுக் கட்டத்தில் இருபது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும், கேட்டால் நீ எப்போதும் சாப்பிட்டாச்சும்மா என்றுதான் சொல்வாய். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது, பிளம்பர் நாளைக்கு வர்றேன்க்கா என்று சொல்லி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம்தான், அதற்குள் வீட்டில் எங்களிடம் மேனேஜர் மாதிரி பேசுகிறாள், அப்பா டீ கேட்டால் மெயில் போடுங்க பார்க்கலாம் என்கிறாள். நீ வேலையை விட்டுவிட்டு நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அவர், அப்போ வீட்டுல ரெண்டு பேரு என் வாயில தெர்மாமீட்டர் வைக்கப் போறீங்க, எனக்குப் பேசவே வாய் இருக்காது என்றார். சம்மதம் என்றுதான் அதற்கு அர்த்தம், உனக்கே தெரியும். உன் அத்தைக்கு மட்டும், நான் நர்ஸானபோது பாடிய அதே பழைய பாட்டு. குடும்பத்திலேயே முதல் முதலா படிச்சவ போயும் போயும் பெட்பேன் தூக்கத்தான் படிச்சான்னு அன்னைக்கே சொன்னேன், இப்ப மகளுமா என்றாள். அன்றைக்கு அதைக் கேட்டு நான் கோபப்பட்டேன், இப்போது கோபம்கூட வரவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை. ஒரு தடவை குளித்துக்கொண்டிருந்தேன் என்றும், ஒரு தடவை சார்ஜ் இல்லை என்றும் சின்னவளைச் சொல்லச் சொன்னேன். இரண்டும் பொய். நீ விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய கட்டுரையை எனக்கு அனுப்பி, படிச்சுப் பாரும்மா, உன்னைப் பத்திதான் என்று சொன்னாயே, அதைப் படித்ததிலிருந்து உன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே பரவால்லம்மா விடும்மா என்று சொல்லிவிடுவாய், நானும் அந்தப் பரவாயில்லையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இது.

நான் ஓய்வு பெற்ற அன்று தலைமை நர்ஸ் மேடையில் பேசியதை வைத்து நீ அந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறாய். எல்லா நோயாளிக்கும் முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுவேன் என்பதால் வார்டில் எனக்கு ஒரு நிமிஷம் சிஸ்டர் என்று பெயர், டீ குடிக்கக் கூப்பிட்டாலும் ஒரு நிமிஷம் கழிச்சு வருவாங்க என்று அவர் கிண்டல் செய்ய, நீயும் அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். அதை எழுதிவிட்டு அதற்குக் கீழே, என் அம்மா ஒரு நாளும் எண்ணாத எண்ணை எழுதியதில்லை என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். கண்ணு, அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று கைதட்டிய யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து வருஷம் நான் யாருடைய மூச்சையும் எண்ணியதில்லை. படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள், எண்ணப் போகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பது மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்று. வார்டுக்கு வந்த பிறகு பார்த்தால் முப்பத்திரண்டு படுக்கைக்கு இரண்டு பேர். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்போம், சார்ட்டில் மூச்சுக் கட்டத்தில் மட்டும் எண்ணாமலே எல்லாருக்கும் இருபது, யாருக்கும் சந்தேகம் வராத எண். சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் பழகிக்கொண்டேன். எல்லாரும் செய்தார்கள் என்று உனக்குச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. எல்லாரும் செய்வதைச் செய்வதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, கேள்வி கேட்க வெட்கப்படுகிறவளுக்கு அது ரொம்ப வசதி.

பத்தொன்பதாம் படுக்கையில் ஒரு தையல்காரம்மா இருந்தார். படியில் வழுக்கிக் கால் உடைந்து, ஆபரேஷன் ஆகி ஆறு நாள். சும்மா படுத்திருக்கத் தெரியாத மனுஷி, பக்கத்துப் படுக்கைக்காரர்களின் ஜாக்கெட்டுக்கெல்லாம் ஹூக் தைத்துக் கொடுப்பார். என் யூனிஃபார்ம் பையின் ஓரம் பிரிந்து பேனா அடிக்கடி கீழே விழும். அதைப் பார்த்துவிட்டு, இங்க வாங்க சிஸ்டர், ஊருக்கே ஊசி போடுறீங்க, உங்க பைக்கு ஒரு ஊசி போட ஆளில்லையா என்று சொல்லி, நான் நின்றபடியே இருக்க, படுத்துக்கொண்டே தைத்துவிட்டார். அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. என்னோடு இருந்தவள் லீவு. எனக்கு ரெண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நீ காரணம் இல்லை, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமலும் இல்லை, அடுத்த பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒன்றரை மணிக்கே எல்லாருடைய சார்ட்டையும் மேசைக்கு எடுத்து வந்து, இரண்டு மணிக் கட்டத்தில் முப்பத்திரண்டு இருபதை வரிசையாக எழுதி வைத்துவிட்டேன். அவர் தைத்துக் கொடுத்த பையிலிருந்து எடுத்த பேனாதான்.

அப்புறம்தான் ஒவ்வொரு படுக்கையாகப் போனேன். பத்தொன்பதுக்கு வந்தபோது அந்தம்மா ஹூக் எதுவும் தைக்கவில்லை. என்னமோ படபடன்னு வருது சிஸ்டர், மூச்சை முழுசா இழுக்க முடியல என்றார். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொல்ல முடியாது, பார்த்தேன். நாடியும் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் சார்ட்டில் இருபது என்று மையில் எழுதியாகிவிட்டது. அடித்து எழுதினால் மேட்ரன் எல்லார் முன்னாலும் ஏன் என்று கேட்பார், கேட்டால் மற்ற முப்பத்தொன்றும் வெளியே வந்துவிடும். அந்த இருபதுக்குப் பொருந்துகிற மாதிரி நாடியையும் குறைத்து எழுதினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுங்கம்மா, சரியாயிடும் என்று சொல்லிவிட்டு இருபதாம் படுக்கைக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

மறுநாள் காலையில் போனபோது பத்தொன்பதில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நாலு மணி ரவுண்டில் டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறார், ஆறு மணிக்கு எல்லாம் முடிந்திருக்கிறது. ரத்தம் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டதாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ரெண்டு மணிக்கு இருபதுதானே சிஸ்டர் என்று கேட்டார். ஆமா டாக்டர் என்றேன். அப்ப திடீர்னுதான் வந்திருக்கு என்று சொல்லிவிட்டு, பரவால்ல, நீங்க சார்ட் சுத்தமா வெச்சிருக்கீங்க என்று பாராட்டினார். அந்தம்மாவின் கண்ணாடியையும் ஊசிப் பெட்டியையும் வாங்க வந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா உங்களைப் பத்தியேதான் பேசுவாங்க, நல்லா பாத்துக்கிட்டீங்க என்று அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மணிக்கே எண்ணிச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, பிழைக்காமலும் போயிருக்கலாம். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு தடவை பதிவேட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மகள்தான் தைக்கிறாள் போல. திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் நான் ஒரு நிமிஷம் சிஸ்டர் ஆனேன். இருபத்தோரு வருஷம் ஒருத்தரையும் விடாமல் எண்ணினேன். அதில் சிலர் பிழைத்ததும் உண்டு, அதையெல்லாம் இங்கே எழுதினால் எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். உனக்கு இது நல்ல வாழ்க்கையா இருந்துச்சாம்மா, ஒரே வரியில சொல்லு என்று கேட்டிருக்கிறாய். நல்ல வேலைதான். நான் நல்லபடி செய்தேனா என்பது வேறு கேள்வி, நீ இரண்டையும் சேர்த்துவிட்டாய். மறுபடி அந்த வயசு வந்தால் இதே வேலைக்குத்தான் போவேன் என்று சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், பொய் மாதிரி ஒலிக்கவில்லை. அந்தம்மாவுக்கு அப்படிச் செய்த பிறகும் இந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் தப்பே செய்யாத ஒருத்தியைப் பார்த்து நீ போக வேண்டாம், அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லை. இதையெல்லாம் படித்த பிறகும் போகத் தோன்றினால் போ.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சோபாவில் பேப்பரை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். பேப்பர் ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். பதினான்கு. முழுசாக எண்ண ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சரியாக இருபது வருவது ரொம்ப அபூர்வம். இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, அவர் எழுந்ததும் அவருக்கும் சொல்லப் போகிறேன். பயமாக இருக்கிறது.

நீ எந்த வேலை செய்தாலும் மனசு கனக்காமல் வீட்டுக்குத் திரும்பி வரும்படி இருக்க வேண்டும் என்று அம்மா எப்போதும் வேண்டிக்கொள்கிறேன், உடம்பும் மனசும் சுகமாக இரு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இருபத்தெட்டாம் தேதி என்று சொன்னாய், மறந்துவிடாதே. அதற்கு முன்னால் அந்த ஒரு வரியை அடித்துவிடு, அடித்தது தெரிந்தாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் நானே எடுக்கிறேன், கூப்பிடத் தோன்றாவிட்டாலும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்
அம்மா