ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறது

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். அதிகம் பழக்கமில்லாத ஒருத்தி இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இரண்டு முறை கூப்பிட்டேன். நீங்கள் "யாருப்பா?" என்றதும் நாக்கு எழவில்லை, வைத்துவிட்டேன். ஏதோ வம்புக்காரன் என்று நினைத்திருப்பீர்கள். அது நான்தான்.

உங்கள் வாழ்க்கைக் கதையை ஒலிப்புத்தகமாக வாசிக்கப் பதிப்பகத்தார் அமர்த்தியிருக்கும் பெண் நான். பதிவு தொடங்கிய அன்று உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நின்றேனே, அவள். வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஊமைக்கோட்டான் வாயைத் திறப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம் என்று அப்பா லாரி ஷெட் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்புக்கேற்ற மாதிரிக் கிடைத்த முதல் வேலையும் இதுதான். அந்தச் சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால், எனக்குக் கூச்சம் போய்விடுகிறது.

என் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். நீங்கள் நடித்த படம் ஒன்றைக்கூட விட்டதில்லை. எல்லாப் படத்திலும் உங்களுக்கு வேறு பெண்கள்தான் குரல் கொடுத்தார்கள் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா நான் யாரு அழுததுக்கு அழுதேன்?" என்று கேட்டார். பிறகு, கண் அவங்களோடதுதானே என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கடைசி வேடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிற புத்தகம் என்பதால், கதாநாயகியாக உங்களை நான் இன்னும் வாசிக்கவே இல்லை. அம்மா வேடமும் நின்றுபோய், ஒரு படத்தில் சுவரில் மாட்டிய போட்டோவாக மட்டும் வந்தீர்களே, இரவல் குரல் தேவைப்படாத ஒரே வேடம் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எனக்குச் சிரிப்பு வந்து இரண்டு முறை நிறுத்தினோம். மேக்கப் போட்டுக்கொண்டு காத்திருந்த நேரங்களில் வசனத்தாளின் பின்பக்கத்தில் முதல் சிறுகதையை எழுதியதையும் வாசித்துவிட்டேன். நான்கு அத்தியாயங்கள் முடிந்தன.

ஐந்தாவதில்தான் நிற்கிறது. அங்கே ஒரே தாவலாக உங்கள் முதல் படத்துக்குப் போய்விடுகிறீர்கள். அதைப் படக்குழுவினருக்கு மட்டும் போட்டுக்காட்டுகிறார்கள். திரையில் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள், தேன் மாதிரி வேறொரு குரல் வருகிறது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த உங்கள் அம்மா காதோரமாக, "யாருடி அது, உனக்குள்ள உக்காந்து பேசுறது?" என்கிறார்.

அந்த வரியை வாசித்தேன். திருப்தியில்லை. மறுபடி வாசித்தேன். ஒலிப்பதிவுக்காரர் ஒரு பிசிறும் இல்லையே என்றார். பிசிறு இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. உங்கள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது.

மைக்கைச் சரிபார்க்க எதையாவது வாசியுங்கள் என்று முதல்நாள் ஒலிப்பதிவுக்காரர் உங்களிடம் கேட்டது நினைவிருக்கும். அரைப் பக்கம் வாசித்தீர்கள். நடுவில் குரல் உடைந்தது. "இதுக்குத்தான் எனக்கு எப்பவும் வேற ஆளு" என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை என்னிடம் நீட்டினீர்கள். பதிப்பாளரும் சேர்ந்து சிரித்தார். எந்நேரமும் வேர்க்கடலை கொறிக்கிற ஒலிப்பதிவுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, கொறிக்கவும் இல்லை. அந்த அரைப் பக்கத்தை அவர் அழிக்காமல் வைத்திருக்கிறார். நேற்று எனக்குப் போட்டுக்காட்டினார். அதே வரிகளை நான் துக்கமாக வாசித்திருந்தேன். நீங்கள் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் அது கிண்டல் என்று புரிந்தது. இன்னும் எத்தனை இடத்தில் கிண்டலைத் துக்கமாக்கி வைத்திருக்கிறேனோ என்று பயமாகிவிட்டது.

பதிப்பாளரின் அறைக்குப் போய், தட்டுத்தடுமாறி இதைச் சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவர்களுக்கு இனிமையாக இருக்க வேண்டும், எழுதியவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள், உனக்கென்ன என்றார். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒலிப்பதிவுக்காரரிடம் எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கட்டினா கட்டினதுதான். திங்கக்கிழமை வரைக்கும் கட்டியிருக்கட்டும்" என்றார்.

உங்களுக்கு இருமல் வந்தால் வெட்டிவிடலாமாம். எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி வெந்நீர் குடிக்கலாமாம். எல்லாம் அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அந்த நாற்காலி உங்களுக்கு உயரம் போதாது, மாற்றச் சொல்கிறேன். எனக்கு இந்த வேலை போய்விடும். கஷ்டம்தான், இல்லையென்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அதற்காக நீங்கள் யோசிக்க வேண்டாம். சின்ன வயசு, வேறு தேடிக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை நீங்கள் வர வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து இல்லை, முதல் பக்கத்திலிருந்து நீங்களே வாசிக்க வேண்டும். நான் வாசித்த நான்கையும் அழித்துவிடச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் அழித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
தங்கள் வாசகி