தண்ணீருக்கடியில் ஒரு மேடை

பாதி வாழ்க்கையைப் படகிலேயே கழிக்கும் என் அன்பனுக்கு,

நாங்கள் நலம். ஆய்வகத்தில், வலிப்புக்கான தூக்கமருந்தை ஊட்டி வளர்த்த எலிக்குட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் விடுகிறோம். மருந்து தராத எலிகள் நீருக்கடியில் இருக்கும் மேடையை நினைவில் வைத்து ஏறிவிடுகின்றன. மருந்துண்ட இவை மேடை தெரியாமல் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன.

நம் மகள் ஜுரேமாவுக்கு இப்போது வலிப்பே வருவதில்லை. அதே மருந்துதான்.

நேற்று அவளை அசாயிப் பழக்கூழ் வாங்க அனுப்பினேன். தினமும் போகும் கடைதான். பக்கத்து வீட்டு ஸில்டா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"ஏண்டி, சிவப்புக் கொடி கட்டுன கடை கண்ணு முன்னாடி இருக்கு. உன் பொண்ணு தெருவையே சுத்திச் சுத்தி வர்றா!"

சொல்லிச் சிரித்தாள். ஜுரேமாவும் சிரித்தாள்.

இன்று மருந்துக்கு, நான் சொல்லும் முன்பே வாயைத் திறந்தாள். ஊற்றினேன்.

சீக்கிரம் வா. எலிகளையாவது, நீந்தவிட்ட நேரம் முடிந்ததும், தண்ணீரிலிருந்து நான் கையால் தூக்கிவிடுகிறேன்.

உன் மனைவி