வாப்பாவுக்கு விளங்காத சண்டை

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இங்கிலீசுக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். டிஸக்ரீ, குவாரல், டிஸ்பியூட், கொன்ஃபிளிக்ட் என்ற நான்கு சொற்களுக்கும் நேரே அவள் ஒரே சொல்லை எழுதியிருந்தாள்: சண்டை. பிழை என்று கீறப் போன சிவப்புப் பேனை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் நினைவுதான். நீங்கள் என்னை விட்டு மௌத்தாகி இந்த நோன்போடு ஒரு வருடம் நிறைகிறது.

எழுபதுகள் முடியும் வேளையில், நம் ஊர் வழக்கப்படி, சாய்ந்தமருதில் என் உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தீர்கள். நம் அறைக்கும் உம்மா வாப்பாவின் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி. அதுவும் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லித் தண்ணி கொதிக்கும்.

என்னிடம் ஒரு சொல் கேட்காமல் உங்கள் கூடப்பிறந்த காக்காவின் குடும்பம் முழுவதையும் பெருநாளைக்கு அழைத்துவிட்டீர்கள். நான் குரலை உயர்த்தினேன். நீங்கள் தட்டியைக் காட்டி, "இங்கிலீசுல ஏசு புள்ள" என்றீர்கள்.

நான் இங்கிலீசு ரீச்சர், நீங்கள் கந்தோரில் கடிதம் எழுதும் கிளாக்கர். எனக்குப் பாடப்புத்தக இங்கிலீசு, உங்களுக்குக் கடித இங்கிலீசு.

"ஐ ஸ்ட்ரோங்லி ஒப்ஜெக்ட்."

"யுவர் ஒப்ஜெக்ஷன் இஸ் நோட்டட், மேடம்."

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். தமிழிலென்றால் உங்கள் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவைத்திருக்கமாட்டேன். இங்கிலீசில் எனக்கு அதற்குச் சொல் இல்லை. பிறகு அதுவே நம் பழக்கமாயிற்று. வாப்பாவோ கல்முனைக் கடைத்தெருவில், "என்ட மகளும் மருமகனும் ஊட்டுக்குள்ள இங்கிலீசுதான் கதைக்கிற" என்று பெருமையடித்துத் திரிந்தார்.

பிறகு நீங்கள் சவூதிக்குப் போனீர்கள். இரண்டு வருடம், ஒரு கல்வீடு என்று பேசி, இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் அது. கடிதத்தை விட கசெட்தான் அதிகம் வந்தது. வீடே கசெட் போடும் றேடியோவைச் சுற்றி உட்கார்ந்து உங்கள் குரலைக் கேட்கும். இரண்டாம் வருடக் கடைசியில் வந்த கசெட்டில் சொன்னீர்கள்: "இன்னும் ரெண்டு வருசம் நிக்கக் கேக்கிறாங்க. நிண்டா ஊட்டக் கட்டி முடிச்சிரலாம்." உம்மாவின் முகம் மலர்ந்தது. வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒரு செருமல் கேட்டது. பிறகு மெதுவாக, எனக்கு மட்டும்: "டூ யூ டிஸக்ரீ?"

நீங்கள் போகும்போது வயிற்றில் இருந்த மகள் அப்போது ஓடித் திரிந்தாள். பதில் பதிந்த நாளில் எல்லோரும் ஸலாம் சொல்லி முடிந்து என் முறை வந்தது. வீட்டுக் கனவோடு இருந்தவர்கள் முன்னால் "வாங்க" என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"யெஸ். ஐ டிஸக்ரீ. த சைல்ட் கோல்ஸ் த றேடியோ வாப்பா. கம் ஹோம்."

வாப்பா நிமிர்ந்தார். "என்னயும் சொன்ன போல?"

"ஓம் வாப்பா. ஒங்கட சுகத்தச் சொன்னன்."

நீங்கள் வந்தீர்கள். கல்முனை பஸ் நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும், "கோபமா புள்ள?" என்றீர்கள்.

"டிஸக்ரீ எண்டா கோபமில்ல."

மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். உங்களிடம் வர அவளுக்கு ஒரு கிழமை பிடித்தது. நீங்கள் எட்ட இருந்தபடியே காத்திருந்தீர்கள்.

வீடு பல வருடம் பூச்சில்லாமல் நின்றது. மழைக்குச் சுவர் பாசி பிடித்தது. "கையில வந்தத உட்டுட்டு வந்த மனிசன்" என்று ஊர் கதைத்தது. அந்தத் தனி வீட்டுக்குக் குடிபோன பிறகு, கேட்க ஆளில்லாத துணிச்சலில், நாம் தமிழிலேயே எத்தனையோ தடவை சண்டை பிடித்தோம். என் சொல்லுக்காகத் திரும்பி வந்ததை ஒருநாளும் நீங்கள் சொல்லிக்காட்டவில்லை. உங்கள் கையில் இருந்த பெரிய கல் அதுதான். நீங்கள் எறியவேயில்லை. அதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

போன கிழமை தங்கச்சி வந்திருந்தாள். உம்மாவின் வளவுக் காணியைப் பிரிக்கும் கதை. என்னிடம் கேட்காமல் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டாள். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. கோபத்தில் நான் நிற்கிற ஆளில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன்.

அவள் பயந்துபோய், "என்ன ராத்தா, பேச்சக் காணல்ல?" என்றாள்.

"சொல்லுத் தேடுறன். இரி."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பிறகு பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் சண்டை பிடித்தோம்.