கொக்கியில் தொங்கிய எடை

மார்ச் 3, 2024, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும், மாசாமாசம் போல, காளைக்கன்றுகள் இரண்டையும் தேங்காய்க் களத்து எடைமேடையில் ஏற்றி நோட்டில் எழுதினோம். பெரியது 240 கிலோ, சின்னது 232. இங்கே காளைக்கன்று பிறந்தால் மூன்றாம் நாளே ஐந்நூறு ரூபாய்க்குத் தள்ளிவிடுவார்கள். நான்தான் வளர்த்து இறைச்சிக்குக் கொடுக்கலாம் என்று இவரைத் தடுத்தேன். பதினான்கு மாதம். எடையில் பாதி கறியாக நின்றால் 236 கிலோ. கிலோ 260 ரூபாய் — 61,360.

கணக்கு நிற்கிறது. நின்றால் இவர் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம். இடுப்பு வலிக்கு டாக்டர் கொடுத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மனுஷர் எந்த மூட்டையைத் தூக்குவார்?

மார்ச் 6

லாரி நாளைக்கு. பக்கத்து வீட்டு ராசாத்தாள் அக்கா, "உப்புத்தண்ணி வெச்சுப்போடு கண்ணு, வயிறு கும்முனு நிக்கும்" என்றாள். சந்தைக்கு ஓட்டுகிற எல்லோரும் வைக்கிறதுதான். வைத்தேன்.

தவக்காலம். வீட்டில் கறி தொடுவதில்லை. கறி விலையை நினைத்துக்கொண்டே ஜெபமாலை உருட்டுகிறேன். அந்தோணியாரே, மன்னியும்.

மார்ச் 8

வியாபாரி அப்துல் முத்தலிப் பாலக்காட்டிலிருந்து எடைச் சீட்டோடு வந்தார். உரித்த எடை 101, 94.

"ஏனுங்க அக்கா, உப்பு வெச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"சந்தையில கண்ணால பாத்து வெலைங்க. நமக்குக் கொக்கியில தொங்கறதுக்குத்தான். வவுத்துத் தண்ணிக்கு யாருங்க காசு குடுப்பா? கடைசி மாசம் கஞ்சியா ஊத்தியிருப்பீங்க போல, கொழுப்பே ஒரு கூடை. வெட்டிப் போட்டுட்டாங்க. ஜெர்சிக்கு எலும்புதானுங்க, கறி ஏது?"

195 கிலோ. 50,700. பால், தவிடு, புண்ணாக்கு, டாக்டர் எல்லாம் 53,150. என் கைவேலைக்கு எதுவும் எழுதவில்லை.

மாசாமாசம் கழனித்தண்ணி குடித்த வயிறோடுதானே மேடையில் ஏற்றினேன்? வியாபாரியை ஏமாற்ற உப்பு வைத்தது ஒரு நாள். என்னை நானே ஏமாத்திக்கிட்டது ஒரு வருஷம். நோட்டு எழுதுகிறவளாம் நான்! த்தூ.

இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 11

இவர் கிளம்பிப் போனார். பெல்ட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 5

வெள்ளிக்கிழமைதான் பேசுகிறார். "வேலை சுளுவுதான் அம்மணி" என்கிறார். மூச்சு வாங்குகிறது, எனக்குக் கேட்காதா?

ஆகஸ்ட் 20

செவலைப் பசு ஈன்றது. ஒன்பது மாதம் ஜெபித்தேன், கிடாரி வேண்டும், கிடாரி வேண்டும் என்று.

காளை.

ஆகஸ்ட் 22

மூன்றாம் நாள். ஐந்நூறு. பேரம் பேசவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. தாய் கத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

"செவலை என்ன போட்டுது?" என்றார் போனில்.

"கிடாரிங்க."

ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "அப்படின்னா ரெண்டு வருஷத்துல பாலுக்கு வந்துரும், நானும் வந்தர்றேன்" என்றார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம். இவரிடம்?

"கன்னு போட்டோ அனுப்பு அம்மணி, பாக்கணும்."

போனை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது.